அக்காவுக்கு ஷீல்டு

எங்கள் குடும்பத்தில் ஒரு கஷ்டம் வந்தால் முதலில் கூட்டம் போடுவோம். எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். கடைசியில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து, "அவ தாங்குவா" என்பார். அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வரும், டீ வரும், கூட்டம் கலையும். 'அவ' என்றால் என் அக்கா. ஐம்பத்தாறு வருஷத்தில் நாங்கள் அவளுக்குக் கொடுத்த ஒரே பட்டம் அதுதான். கொடுத்ததைத் திருப்பியும் கேட்டதில்லை. பெரிய மனசு எங்களுக்கு.

அதனால்தான், ஒரு செவ்வாய்க்கிழமை என் கடைக்கு அண்ணன் வந்து, "அவளுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தணும்டா" என்று சொன்னபோது கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டேன். என் கடையில் ஷீல்டு, கோப்பை, வீட்டு வாசலில் மாட்டுகிற பேர்ப்பலகை எல்லாம் செய்வேன். பித்தளையில் எழுத்து செதுக்குவதுதான் தொழில். பேசவே தெரியாதவனுக்குப் பேச்சுப் போட்டி கோப்பை, மூணே டீம் ஆடிய ஆட்டத்துக்கு மூணாம் பரிசு என்று நான் செதுக்காத பொய் கிடையாது. ஆனால் சொந்த வீட்டிலிருந்து ஆர்டர் வருவது இதுதான் முதல் தடவை.

அண்ணனுக்கு நான் வைத்த பேர் சேர்மன். கம்பெனி எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்ன வயசிலிருந்து அதில் அவர் மட்டும்தான் உட்காருவார், அவ்வளவுதான் தகுதி.

"திடீர்னு என்னண்ணே பாராட்டு?" என்று கேட்டேன்.

"ஏன்டா, பாராட்டக் கூடாதா? எவ்வளவு பட்டிருக்கா அவ!" என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஈரம் எதுவும் தெரியவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணியும் நானும் பொண்ணுகிட்ட போறோம். குழந்தை பிறந்து, கொஞ்சம் வளர்ற வரைக்கும் இருக்கணும். எப்படியும் ரெண்டு வருஷம். அப்பாவைப் பார்த்துக்க ஆள் வேணும்ல?"

"அதுக்கும் ஷீல்டுக்கும்?"

"முப்பது பேர் முன்னாடி நாலு வார்த்தை உயர்வா சொல்லி, கையில ஷீல்டைக் கொடுத்து, அப்புறம் அப்பா விஷயத்தைச் சொன்னா, முடியாதுன்னு வாயைத் திறப்பாளா?"

நான் அசந்து போனேன். ஐஸ் வைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு திருகாணி போட்டு மரப்பலகையில் முடுக்கி வைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவளுக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கேண்ணே. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"சரிடா. அப்போ நீ கூட்டிட்டுப் போ."

எனக்கு உடனே அந்த ஷீல்டின் மேல் அக்கறை வந்துவிட்டது. என்ன மரம், என்ன அளவு, எழுத்து சாய்வாகவா நேராகவா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். என் வீடு மாடியில். படி நிறைய. அப்பாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து பதினாலு வருஷம் ஆகிறது. இந்தப் பதினாலு வருஷமும் அந்தப் படிகள்தான் என்னைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

"என்ன எழுதணும்?" என்றேன்.

"நீயே யோசிச்சு எழுது. அவ பட்டதெல்லாம் வரணும். ஆனா நாலு வரிக்கு மேல போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு சேர்மன் போய்விட்டார். விழா ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டில்.

நாலு வரிக்குள் அக்கா பட்டதை எழுத வேண்டுமாம். உட்கார்ந்து யோசித்தேன். பதினேழு வயசில் படிப்பை நிறுத்திவிட்டுத் துணி தைக்கிற ஃபேக்டரிக்குப் போனாள். சேர்மன் காலேஜ் போக வேண்டியிருந்ததே! பத்தொன்பது வயசில் மெஷின் ஊசி அவள் ஆட்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்தது. "அப்பவும் மிச்ச வேலையை முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வந்தா" என்று சேர்மன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். சூப்பர்வைசர் அனுப்பவில்லை, அதனால் முடித்தாள். அந்தப் பாதியை அவர் சொல்வதில்லை.

அப்புறம் கல்யாணம். மாமா நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் காலையில் பேப்பர் வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவர், நாலு வருஷம் கழித்து வந்தார். பேப்பர் இல்லாமல்தான் வந்தார். இருமல் மட்டும் கொண்டுவந்தார். பத்து மாசம் அக்கா அவருக்குக் கஞ்சி கொடுத்து, தோளில் சாய்த்து உட்காரவைத்து, கடைசியில் அனுப்பியும் வைத்தாள். நாங்கள் கூட்டம் போட்டோம். "அவ தாங்குவா" என்றோம்.

ஃபேக்டரியில் மெக்கானிக் வேளைக்கு வருவதே இல்லை என்று அவளே திருப்புளியைக் கையில் எடுத்தாள். அஞ்சு வருஷத்தில் அந்த ஆளுக்கு வேலை போய், அவள் மெக்கானிக் ஆனாள். முந்நூறு மெஷின் ஓடுகிற ஹாலில் ஒன்று தடுமாறினால், நடந்துகொண்டே, "எட்டாவது வரிசை, ஊசியும் கொக்கியும் ஒத்துப் போகலை" என்பாள். எல்லோரும் 'மெஷின் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எங்களுக்கு அவள் தாங்குவதுதான் முக்கியம். ரிப்பேர் செய்வதெல்லாம் அவள் சொந்த விஷயம்.

இதையெல்லாம் எழுதினால் பலகை கதவு அளவுக்கு வேண்டும். கடைசியில் இப்படி எழுதினேன்:

துன்பம் எத்தனை வந்தாலும்
துவளாத எங்கள் சகோதரிக்கு
அன்புடன்
குடும்பத்தினர்

எனக்கே வெட்கமாக இருந்தது. சேர்மனுக்கு போனில் படித்துக் காட்டினேன். "அற்புதம்டா" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. கடைக்கு அக்காவே வந்து நின்றாள். திருட்டு முழி முழித்தேன்.

"டேய் வாயாடி, உன் ஸ்டூல் ஏன்டா இப்படி ஆடுது?" என்று உட்காரும்போதே கேட்டாள். எழுந்து, ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, காலை முடுக்கிவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தாள். மற்றவர்கள் பையில் சீப்பு இருக்கும், கைக்குட்டை இருக்கும். அக்காவின் பையில் ரெண்டு திருப்புளியும் ஒரு எண்ணெய்ச் சொட்டுக் குப்பியும் இருக்கும். எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள்.

"ரிட்டயர் ஆயாச்சு. தையல்காரங்க தெருவுல ஒரு ரூம் பிடிச்சுட்டேன். திங்கட்கிழமை கடை திறக்கறேன். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"என்ன கடைக்கா?"

"பலகாரக் கடை! என்ன கேள்வி இது? மெஷின் ரிப்பேர்டா. எனக்கு வேற என்ன தெரியும்?" சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பழைய பலகையை வெச்சிருக்கியா? முன்னாடி எனக்கு அடிச்சியே" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே கடையை இதே அக்கா திறப்பதாக இருந்தாள். ஃபேக்டரி வேலையைக்கூட விட்டுவிட்டாள். ரூம் பிடித்தாயிற்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பித்தளைப் பலகையில் அவள் பேரை நான்தான் செதுக்கினேன். திறக்க நாலு நாள் இருக்கும்போது அப்பா வழுக்கி விழுந்தார். கூட்டம் போட்டோம். என்ன சொல்லியிருப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கெஞ்சிக் கேட்டு மறுபடி ஃபேக்டரியில் சேர்ந்தாள். "பலகை உன்கிட்டயே இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்" என்றாள். பதினோரு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். முதுகு போய் ஆபரேஷன் ஆன பிறகுதான் சேர்மன், "கொஞ்ச நாளைக்கு நான் வெச்சுக்கறேன்" என்று அப்பாவைக் கூட்டிப் போனார். அந்தக் கொஞ்ச நாள் மூணு வருஷமாகிவிட்டது என்று அவருக்கு ஒரே புழுக்கம்.

"அது எப்பவோ பழைய பித்தளையோட போயிருக்கும்க்கா" என்றேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

"சரி, போனா போகுது. புதுசா ஒண்ணு அடி."

"பித்தளைத் தகடு வரலைக்கா. அடுத்த வாரம்தான்." இதுவும் உண்மைதான். உண்மை மட்டுமே பேசி ஒருத்தியை ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுப் படிகள் கண்முன்னால் வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

"அடுத்த வாரமா? பலகை இல்லாமலே திறந்துடறேன். ஜனங்களுக்கு என்னைத் தெரியாதா என்ன?" என்று எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமைவரை தகடு வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்து தப்பாகிப்போன தகட்டை யாரும் தூக்கிப் போட மாட்டோம். பின்பக்கம் பளபளவென்றுதானே இருக்கும்? இன்னொருத்தர் பேரை அங்கே செதுக்கி மரத்தில் முடுக்கிவிட்டால் எவனுக்குத் தெரியும்? ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற ஷீல்டுகளின் முதுகில் அடுத்தவன் பேர்தான் இருக்கிறது. அப்படி ஏதாவது கிடைக்குமா என்று மேஜைக்கடியில் கிடந்த பெட்டியைக் குடைந்தேன். அடியிலிருந்து வந்தது அக்காவின் பலகை.

தேய்த்துப் பார்த்தேன். எழுத்தில் ஊற்றிய கறுப்பு பெயின்ட்கூட உதிரவில்லை. மேலே அவள் பேர். கீழே, 'தையல் மெஷின் பழுது பார்க்கப்படும்'.

ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் பலகையைத் திருப்பி அளவு பார்த்தேன். ஷீல்டுக்குச் சரியாக இருந்தது. அடுத்த வாரம் அக்காவுக்குப் புதுசாகவே அடித்துக் கொடுத்தால் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'துன்பம் எத்தனை வந்தாலும்' என்று செதுக்க ஆரம்பித்தேன். பழைய ஓட்டைகள் மரத்தோடு முழுசாகப் பொருந்தவில்லை. மூணு திருகாணி ஒழுங்காக இறங்கியது. நாலாவது சாய்ந்து நின்றது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சேர்மன் வீட்டுக் கூடத்தில் வாடகை நாற்காலிகள், ஒரு மைக். சித்தி, சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்டவர்கள் என்று முப்பது பேர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அப்பா. அவருக்குக் காது மந்தம். அக்காவைக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். சேர்மன் நாற்காலியையே விட்டுக்கொடுக்கிறார் என்றால் சும்மாவா?

முதலில் ஷீல்டைக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சேர்மன் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுவாரா?

"என் தங்கச்சி ஒரு மலை! எந்தப் புயலுக்கும் அசையாத மலை!" என்று ஆரம்பித்து, ஊசி விரலில் இறங்கிய கதை, மாமா திரும்பி வந்த கதை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் அவரே பட்ட மாதிரி இருந்திருக்கும். அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சைக் கேட்கவில்லை. நாலாவது திருகாணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். சாய்ந்து நிற்கிற திருகாணியை அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வேண்டாம்க்கா என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் கைப்பையைத் திறந்தாள்.

"...அதனால, அப்பாவைப் பார்த்துக்கற அந்தப் பாக்கியம், வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து மறுபடியும் என் தங்கச்சிக்கே!" என்று சேர்மன் முடித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. தட்டியவர்களில் நானும் ஒருத்தன். கை தானாகத் தட்டிவிட்டது.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. நாலாவதை எடுத்துச் சரியாகப் போட முடியாமல், மூணாவதையும் ரெண்டாவதையும் கழற்றியிருந்தாள். கடைசித் திருகாணியும் வந்தது. பலகையை எடுத்தாள். வழக்கம் போலத் திருப்பினாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தன் பேரைத் தடவினாள், ஊசி துளைத்த அதே விரலால். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது வாயாடித் தப்பித்திருப்பேன். அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று சேர்மன் மைக்கை நீட்டினார்.

"நாளைக்கு நான் கடை திறக்கறேன்" என்றாள் அக்கா. "மெஷின் ரிப்பேர் கடை. பலகை இல்லாம திறக்கணுமேன்னு இருந்தது. கிடைச்சிடுச்சு." தூக்கிக் காட்டினாள்.

சேர்மன் முகத்தில் ஈயாடவில்லை. "கடையா? இந்த வயசுலயா? அப்போ அப்பா?"

"அப்பாவுக்குப் பிள்ளைங்க மூணு பேர்ண்ணே."

"இவன் வீட்டுல படி நிறைய..."

"பதினாலு படி" என்றாள் அக்கா. "எண்ணியிருக்கேன். அப்பா என்கிட்ட வந்தப்போ நான் எங்கே இருந்தேன், யாருக்காவது ஞாபகம் இருக்கா? ரெண்டாவது மாடி. முப்பத்தாறு படி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் எறக்கி ஏத்தினேன். அப்போ படியைப் பத்தி யாரும் பேசலையே?"

அத்தை கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "என்ன? என்ன சொல்றா?" என்று அப்பா கத்தினார். அக்கா குனிந்து அவர் காதில் சொன்னாள். பலகையைக் கையில் கொடுத்தாள். அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்பவே தெறந்திருக்கணும்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "நான் விழுந்து கெடுத்தேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவமானத்தில் சொன்னேனா, அக்கா மேல் இருந்த பாசத்தில் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றேன்.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் காத்திருக்காதே" என்றாள் அவள். ஷீல்டின் மரத்தை மட்டும் சேர்மன் கையில் கொடுத்துவிட்டு, நாலு திருகாணியையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் தையல்காரர்கள் தெருவுக்குப் போனேன். பலகை கதவுக்கு மேலே நேராக நின்றது. அவளே முடுக்கியிருந்தாள். நாங்கள் அவளைப் பாராட்டி எழுதிய நாலு வரியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே அவளைச் சுற்றி அஞ்சாறு மெஷின். என்னைப் பார்த்ததும், "நின்னு வேடிக்கை பார்க்காதே, போய் அப்பாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று விரட்டினாள்.

அன்று சாயங்காலம் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு என் வீட்டுப் படி ஏறினேன். பஞ்சு மாதிரி இருப்பார் என்று நினைத்தேன். அஞ்சாவது படியில் மூச்சு வாங்கியது. எட்டாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டேய், போட்டுடாதேடா" என்று அப்பா என் கழுத்தை இறுக்கினார். ஒன்பதாவது படியில் அவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நானும் பொத்தென்று உட்கார்ந்தேன். மூணு வருஷத்துக்கு முன்னால்தான் அக்காவின் முதுகைப் பிளந்து தைத்தார்கள். அதற்குக் காரணம் 'வயசு' என்றுதான் நாங்களெல்லாம் சொல்லிக்கொண்டோம். அழுகை வந்தது. அப்பா பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

"முப்பத்தாறு படி எப்படிக்கா தாங்கின?"

அந்தப் பக்கம் ஒரு மெஷின் கடகடவென்று ஓடி நின்றது.

"தாங்கினேன்னு நீங்கதான்டா சொல்லிக்கிட்டீங்க" என்றாள். "கீழே வெச்சா வாங்கிக்க ஆள் இல்லை. அதனால தூக்கிக்கிட்டே நின்னேன்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எத்தனாவது படியில இருக்கே?"

"ஒன்பது."

"இன்னும் அஞ்சுதான். நின்னு நின்னு ஏறு. குனியாதே, முதுகு போயிடும்" என்றாள். "சரி வை, கடையில ஆள் நிக்குது."